இடது பக்கம், மூன்றாவது பலகை

டிராகன் படகு அணியில் சேரலாமா என்று யாராவது கேட்டால் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்வேன். நனையாமல் இருக்க முடியாது, மாற்றுத்துணி கொண்டு வாருங்கள். புடவை சரிப்படாது. முதல் நாள் தண்ணீரில் இறக்க மாட்டார்கள்; கரையில் பெஞ்சு போட்டு உட்காரவைத்துக் காற்றில் துடுப்பு போடச் சொல்வார்கள். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். முதல் வாரத்தில் கட்டைவிரல் ஓரத்தில் தோல் உரியும். படகின் விளிம்பில் இடித்து இடித்து இடுப்பு கன்றிப்போகும். மூன்றாவது வாரம் விட்டுவிடலாம் என்று தோன்றும், நான்காவது வாரம் விட மனசு வராது. இதெல்லாம் சொல்வேன். ஒன்றை மட்டும் சொல்ல மாட்டேன். படகில் எல்லோரோடும் சேர்ந்து குனிந்து நிமிர்ந்து, துடுப்பைப் போட்டு எடுத்து, ஒரு கைத் தண்ணீரைக்கூடத் தள்ளாமல் வர முடியும். நான் நான்கு மாதம் அப்படித்தான் வந்தேன்.

நான் ஜமுனாமரத்தூரில் கணக்கு டீச்சர். வீடு கண்ணமங்கலத்தில். வாரம் முழுக்க மலையில் ஒரு வாடகை அறை, சனிக்கிழமை மதியம் பஸ் பிடித்தால் கீழே வீடு. நாற்பத்தாறு வயதில் சர்க்கரை வந்தது. தினமும் நடங்கள் என்றார் டாக்டர். போகிற இடத்தில் ஒரு வேலையும் இல்லாமல் வெறுமனே நடந்துவிட்டுத் திரும்பி வருவது எனக்கு ஒத்துவராத காரியம். அந்தச் சமயத்தில்தான் மலைக்குப் படகு வந்தது.

கொண்டுவந்தவரை நாங்கள் எல்லோரும் சார் என்றே கூப்பிட்டோம். என் ஊர்ப் பக்கத்துக்காரர்தான். இருபது வருஷம் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்து, அங்கே லீவு நாளில் கம்பெனி அணியில் டிராகன் படகு ஓட்டிப் பழகியவர். திரும்பி வந்து மலையில் ஏரிக்கரையில் நான்கு அறை கட்டி விருந்தினருக்கு விட்டுக்கொண்டிருந்தார். கடற்கரையில் யாரோ கழித்துப்போட்ட பத்துப்பேர் படகு ஒன்றை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஒரு கொண்டை ஊசி வளைவில் படகின் வால் பாறையில் இடித்து லாரி நின்றுவிட்டது. பின்னால் மாட்டிக்கொண்ட இரண்டு பஸ்ஸிலிருந்தும் ஜனங்கள் இறங்கி, படகைத் தூக்கித் தோளில் வைத்து வளைவைத் தாண்டிக் கொடுத்தார்கள். நானும் அந்த பஸ்ஸில் இருந்தேன். படகுக்கு அடியில் கையை வைத்தேன், தூக்கவில்லை. இப்போது யோசித்தால் அதுவே ஒரு ஆரம்பம் மாதிரித் தெரிகிறது.

டிராகன் தலை தனியாகச் சாக்கில் கட்டி டிரைவர் பக்கத்தில் இருந்தது. பந்தயத்தன்றைக்கு மட்டும்தான் மாட்டுவார்களாம். சார் அதைப் பிரித்துக் காட்டியபோது ஓணானுக்கு எதற்கு மீசை என்று யாரோ கேட்டார்கள்.

உட்காரும் பலகை ஒன்றுக்கு இரண்டு பேர், ஐந்து பலகை. இடது பக்கத்து ஆளும் வலது பக்கத்து ஆளும் ஏறக்குறைய ஒரே எடை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் படகு சாயும். அதனால் வாரச்சந்தையில் புளி மூட்டை போடுகிற வியாபாரியின் தராசில் எங்களை ஏற்றி நிறுத்தார் சார். எனக்கு ஜோடியாக ஒரு மளிகைக் கடைக்காரர் அகப்பட்டார். எங்களுக்கு மூன்றாவது பலகை, நான் இடது பக்கம். எனக்கு நேர் பின்னால் நான்காவது பலகையில் அவள்.

அவள் மலைக்காரி. ஏரிக்கு மேலே உள்ள சரிவில் சாமை விதைக்கிற குடும்பம், வீட்டைச் சுற்றி நான்கு புளியமரம். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். ஆனாலும் நான் அவளை வா, போ என்றேன், அவள் என்னை வாங்க, போங்க என்றாள். அப்போது இது எனக்கு உறைக்கவில்லை. பாடம் நடத்துகிற வாய்க்கு எல்லோரும் பிள்ளைகள்தான்.

படகில் பேசக்கூடாது. தன் துடுப்பைத் தானே பார்க்கக்கூடாது. முன்னால் இருப்பவர் முதுகைப் பார்க்க வேண்டும், அவர் குனியும்போது குனிய வேண்டும். பின்னால் இருப்பவர் நம் முதுகைப் பார்ப்பார். பத்துத் துடுப்பும் ஒரே நேரத்தில் தண்ணீரில் விழுந்து ஒரே நேரத்தில் எழ வேண்டும். பலம் அப்புறம்தான், முதலில் டைமிங் என்று சார் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்வார். படகின் பின்முனையில் நின்று நீளத் துடுப்பால் திசை திருப்பிக்கொண்டே சொல்வார்.

டைமிங் எனக்குச் சட்டென்று வந்துவிட்டது. எண்ணுவதுதானே என் பிழைப்பு. வராதது மூச்சு. ஏரியின் பாதியைத் தாண்டியதும் கை தளரும், வாய் உலரும். ஒரு நாள் தெரியாமல்தான் அது நடந்தது. துடுப்பை நேராக இறக்கினேன், இழுக்காமல் அப்படியே எடுத்துவிட்டேன். சுகமாக இருந்தது. படகு போய்க்கொண்டுதான் இருந்தது. அடுத்த தடவையும் அப்படியே செய்தேன். தோள்வலி இருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். இல்லை. சோம்பல்தான், அதோடு கெட்டிக்காரத்தனம்.

இழுக்காத துடுப்பு பார்க்க அழகாக இருக்கும். தெறிக்காது, திணறாது, நேரத்துக்கு விழும், நேரத்துக்கு எழும். சார் ஏமாந்துபோனார். டீச்சர் துடுப்பைப் பாருங்கள் என்று எல்லோருக்கும் என்னைக் காட்டினார். எனக்குக் காது சூடானது, ஆனால் நெஞ்சு நிமிர்ந்துகொண்டது.

அவளுக்கு மட்டும் தெரிந்திருந்தது. பின்னால் உட்கார்ந்திருப்பவளுக்கு என் துடுப்பு விழும் இடத்தில் தண்ணீர் சுழிக்கவில்லை என்பது தெரியாமல் போகாது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. நான் இழுப்பதை நிறுத்தும்போதெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் அவள் துடுப்பு குபுக் என்று ஆழமாக இறங்கும் சத்தம் கேட்டது. நான் மறுபடி இழுத்தால் அந்தச் சத்தம் லேசாகிவிடும். எனக்குச் சேர்த்து அவள் இழுத்தாள்.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு சாமைக் காடு தேவைப்பட்டது. களை எடுப்பைப் பார்க்க ஒரு நாள் அவள் என்னைக் கூப்பிட்டிருந்தாள். பத்துப் பன்னிரண்டு பெண்கள் சரிவில் வரிசையாக உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு பட்டை நிலமாக முன்னேறினார்கள். ஒருத்தி பின்தங்கினால் பக்கத்தில் இருப்பவள் கையை நீட்டி அவள் பங்கையும் பிடுங்கிக்கொண்டு போனாள். யாரும் யாரையும் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. வரிசை கோணாமல் மேலே ஏறியது. நான் மோர் குடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தேன், நல்ல பழக்கம் என்று பாராட்டவும் செய்தேன்.

ஆனால் படகு காடு இல்லை. ஆழமாக இழுத்தால் துடுப்பை வெளியே எடுக்க நேரமாகும். அவள் துடுப்பு எல்லோருக்கும் ஒரு நொடி பிந்தி எழுந்தது, சில சமயம் ஐந்தாவது பலகைக்காரர் துடுப்பில் போய் இடித்தது. சார் அவளைத் திருத்தினார். டீச்சரைப் பார்த்துப் போடுங்கம்மா என்றார். அவள் சரிங்க சார் என்றாள். மறுபடி நான் தளர்ந்தேன், மறுபடி குபுக்.

இதற்குள் கடலோர உப்பங்கழியில் ஒரு பந்தயத்துக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். எங்களைப் போலப் பொழுதுபோக்குக்குப் படகு ஓட்டுகிற அணிகளுக்கு மட்டுமான பந்தயம். எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு அது ஒரு சுற்றுலா. அவளுக்கு அப்படியில்லை.

அவளுக்கு ஒரே மகள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்போன் கம்பெனியில் வேலை, ஹாஸ்டல் வாசம். வீட்டில் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனவள், இரண்டு வருஷமாக மலையேறவில்லை. அப்பா அவள் பேச்சை வீட்டில் எடுக்கவே விடுவதில்லை. வீட்டில் இருந்த ஒரே போனும் அவர் சட்டைப்பையில்தான் இருக்கும். பயிற்சி முடிந்ததும் அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு என் போனை வாங்கி, படகுத்துறைக்குப் பின்னால் போய் மகளோடு இரண்டு நிமிஷம் பேசுவாள். ஒரு நாள் திரும்பி வந்தபோது அவள் முகம் வேறு மாதிரி இருந்தது.

"பந்தயத்துக்கு வர்றேன்னு சொல்லிட்டா டீச்சர். லீவு போட்டுக்கினு வர்றாளாம். தனியா அவளப் பாக்கப் போறேன்னா வூட்ல வுட மாட்டாரு. டீமோட, டீச்சரோட போறேன்னா வேணாம்னு சொல்ல முடியாது."

நல்லது, போய்ப் பார் என்றேன். எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்கும் என் துடுப்புக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை.

பந்தயத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது படகைக் கரைசேர்த்துவிட்டு சார் எல்லோரையும் நிற்கவைத்தார். இப்படி இடித்துக்கொண்டு பந்தயத்துக்குப் போக முடியாது என்றார். நாலாவது பலகை இடது பக்கத்துக்கு மாற்று ஆளாகப் பழகிய நர்ஸ் உட்காரட்டும் என்றார். அவளிடம் தன்மையாகத்தான் சொன்னார், அடுத்த தடவை கட்டாயம் நீங்கதாம்மா, டைமிங் மட்டும் கொஞ்சம் சரி பண்ணிக்குங்க என்று. அவள் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி மடித்துப் படகுத்துறை மேடையில் வைத்தாள். வேனில் கூட வரலாமே என்று சார் கேட்டதற்கு, படகுல எடம் இல்லாதவ எதுக்குப் போறேன்னு வூட்ல கேப்பாரு சார் என்று மட்டும் சொன்னாள். என்னை அவள் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று ரொம்ப நாள் என்னை நானே தேற்றிக்கொண்டேன். அதுவும் பொய்தான்.

அதற்குப் பிறகு ஒரு முழு வாரம் இருந்தது. ஒரு வார்த்தை போதும்: சார், தப்பு அவள் மேல் இல்லை, என் மேல். தினமும் காலையில் அதை வாய்க்குள் வைத்துக்கொண்டு ஏரிக்குப் போவேன், விழுங்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போவேன். அந்த வாரம் பயத்தில் தளராமல் இழுத்தேன், அதனால் படகும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. பள்ளியில் காலைக் கூட்டத்தில் என் பேரைச் சொல்லிக் கைதட்டியிருந்தார்கள். கண்ணமங்கலத்தில் என் வீட்டுக்காரர் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார். இதெல்லாம் ஒரு காரணமா என்று கேட்டால், அன்றைக்கு எனக்கு அது மலையளவு காரணமாக இருந்தது. அவள் அந்த வாரம் ஏரிப் பக்கமே வரவில்லை, அதனால் மகளுக்குப் போன் போடவும் வழியில்லை. அந்தப் பெண்ணின் எண் என் போனில்தான் இருந்தது. நானாவது கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். கூப்பிட்டால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்பதற்கு என்னிடம் இருந்தது ஒரே பதில்.

உப்பங்கழியில் டிராகன் தலையை மாட்டினோம். படம் எடுத்துக்கொண்டோம். முரசு அடித்தது, கிளம்பினோம். பாதி தூரத்தில் என் கை தளர்ந்தது. பழக்கம் பொல்லாதது, துடுப்பு தன்னால் சும்மா விழுந்து சும்மா எழுந்தது. நர்ஸ் தன் பங்கை மட்டும் ஒழுங்காக இழுத்தாள். படகு இடது பக்கமாக ஒதுங்க ஆரம்பித்தது. சார் பின்னால் முழுப் பலத்தோடு திருப்பிப் பார்த்தும் நேராகவில்லை, பக்கத்துப் படகின் பாதைக்குள் தலையை நீட்டிவிட்டோம். கடைசியாக வந்தோம். இத்தனை மாதம் அந்தப் படகை நேராக வைத்திருந்தது யார் என்று அப்போது எனக்குத் தெரிந்தது.

கரையில் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வந்தாள். அம்மாவின் அதே நெற்றி. கழுத்தில் கம்பெனி அட்டை, கையில் ஒரு துணிக்கடைப் பை.

"நீங்கதான டீச்சர்? எங்கம்மா எந்தப் படகுல இருக்குது? எல்லாத்திலயும் பாத்துட்டேன்."

வரவில்லைம்மா, காட்டில் வேலை வந்துவிட்டது என்றேன். சரளமாக வந்தது. நான்கு மாதப் பயிற்சி.

அவள் பையைக் கை மாற்றிக்கொண்டாள்.

"வேலயா? சரி. வர வாணாம்னு முடிவு பண்ணிடுச்சு போல. அப்பா பேச்சுதான் பெருசு அதுக்கு."

அப்படியில்லை என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றாள். பையிலிருந்து ஸ்வெட்டரின் கை ஒன்று வெளியே தொங்கியது, மெரூன் நிறம். அதை உள்ளே தள்ளிவிட்டு, பையோடு போய்விட்டாள். என்னிடம் கொடுத்தனுப்பவில்லை.

வேனில் எல்லோரும் தூங்கினார்கள். நான் முன்னால் போய் சார் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் தேவலை என்றும் இருந்தது. நானும் கவனிக்காமல் விட்டுவிட்டேனே டீச்சர் என்றார்.

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் மேட்டுக் காட்டுக்கு ஏறிப் போனேன். அவள் முற்றத்தில் புளியை உடைத்துக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் அக்கா என்று ஆரம்பித்தேன். அந்த வார்த்தை எனக்கே புதிதாக இருந்தது. இழுக்காமல் ஏமாற்றியதைச் சொன்னேன். அது எனக்குத் தெரியும் டீச்சர் என்றாள், கையை நிறுத்தாமல். ஒருத்தர் தளந்தா பக்கத்துல இருக்கறவங்க எடுத்துக்கறதுதான, அதுல இன்னா என்றாள். அவளுக்கு அது ஒரு தப்பாகவே படவில்லை. பிறகு மகள் வந்ததைச் சொன்னேன், ஸ்வெட்டரைச் சொன்னேன், நான் சொன்ன பொய்யைச் சொன்னேன். கை நின்றது.

"இழுக்காதது ஒண்ணுமில்ல டீச்சர். சார் என்னைய எறக்கினப்ப நீங்க ஒரு வார்த்த சொல்லி இருக்கலாம். எம் பொண்ணு என்னைய பாத்துட்டுப் போயிருப்பா."

அழவில்லை, குரலும் உயரவில்லை. நான் போனை எடுத்து மகள் எண்ணைப் போட்டு அவளிடம் நீட்டினேன். மணி அடித்து அடித்து நின்றது. இன்னொரு தடவை போட்டேன். எடுக்கவில்லை. அவள் போனை என் மடியில் வைத்துவிட்டு மறுபடி புளியை எடுத்தாள். நான் எழுந்தேன். வர்றேன் என்றேன், அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

அன்றைக்கே அந்தப் பெண்ணுக்கு நீளமாகச் செய்தி எழுதி அனுப்பினேன், தப்பு முழுக்க என்னுடையது என்று. பார்த்தாள் என்பதற்கு அடையாளம் வந்தது, பதில் வரவில்லை.

சாரே நேரில் போய்க் கூப்பிட்டதில் ஒரு மாதம் கழித்து அவள் படகுக்குத் திரும்பி வந்தாள். நான் விலகிக்கொள்கிறேன் என்றேன். விலகுவது சுலபம் டீச்சர், உட்கார்ந்து இழுங்கள் என்று சார் சொல்லிவிட்டார். அதே மூன்றாவது பலகை, அதே நான்காவது பலகை. அவள் எப்போதும் போல சார் சொன்னதற்கெல்லாம் பதில் சொன்னாள், மளிகைக் கடைக்காரரோடு சிரித்தாள். என்னோடு மட்டும் பேச்சில்லை. பயிற்சி முடிந்ததும் நான் போனைப் படகுத்துறை மேடையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொள்வேன். அவள் அதைத் தொடாமல் மேட்டுப் பாதையில் ஏறிவிடுவாள்.

ஒரு காலையில் ஏரியைக் குறுக்கே போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். நன்றாகத்தான் இழுத்துக்கொண்டு வந்தேன். பாதிக்கு மேல் மூச்சு அடைத்தது, கை சும்மா விழ ஆரம்பித்தது. என்னை அறியாமல் பின்னால் அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. அவள் துடுப்பு என் துடுப்போடு விழுந்தது, என் துடுப்போடு எழுந்தது. ஒரு நொடிகூடப் பிந்தவில்லை. சார் சொல்லிக்கொடுத்தபடி, தன் பங்கு மட்டும். படகின் தலை மெதுவாக இடது பக்கம் திரும்பியது.

இடது பக்கம் யாரு அது என்று சார் கேட்டார்.

"நான்தாங்க சார்" என்றேன், பத்துப் பேருக்கும் கேட்கும்படி.

படகில் பேசக்கூடாது. ஆனாலும் என் முதுகுக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

"இழுங்க டீச்சர்."